வரைவு வாத்தியார் குடித்த பத்தொன்பது குவாம்பா

வரைவு வாத்தியார் என்றொரு இனம் உண்டு. உங்களுக்கும் அறிமுகம் இருக்கும். நீச்சல் குளத்தின் கரையில், தோளில் நனையாத துண்டோடு நின்றுகொண்டு, "கையை வீசு, காலை உதை, மூச்சை அடக்கு" என்று ஊருக்கெல்லாம் நீச்சல் சொல்லிக்கொடுத்துவிட்டு, தண்ணீர் என்பது இதில் ஒரு சில்லறை விவகாரம் என்று மனதார நம்புகிற இனம். கம்ப்யூட்டர் வந்தபிறகு இவர்கள் பெருகிவிட்டார்கள். நிரல் எழுதக் கற்றுக்கொடுப்பார்கள். எந்த மொழியில் என்று கேட்டால் கோபம் வரும். எந்தக் கம்ப்யூட்டரில் என்று கேட்டால் அதைவிடக் கோபம் வரும். எழுதியதை ஓட்டிப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஆயுசுக்கும் பேச மாட்டார்கள்.

இந்த இனத்தின் அப்பழுக்கற்ற மாதிரி வேண்டுமென்றால் பராகுவாயில் எங்கள் வில்யாரிக்கா ஊருக்கு வர வேண்டும். தொழில்நுட்பக் கல்லூரியின் மூன்றாம் வகுப்பறையில், இருபத்திரண்டு வருடமாக, மூன்று நிறச் சுண்ணாம்புக் கட்டியோடும் விளிம்பு தேய்ந்த ஒரு மர அளவுகோலோடும் நிற்கிறாரே, அவர்தான் தொன் செசிலியோ பாத்தின்யோ; 'தொன்' எங்கள் ஊர் 'ஐயா'. வயது அறுபத்தொன்று. சட்டையின் மேல்பொத்தான்வரை போட்டிருப்பார். வகுப்பறையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது; அதன்மேல் அவர் தொப்பியைக் கழற்றி வைப்பார்.

"மொழி வெறும் சட்டை, பிள்ளைகளா. வடிவமைப்புதான் உடம்பு. உடம்பு இல்லாம சட்டையை மட்டும் தொங்கவிட்டா அதுக்குப் பேரு துணிக்கொடி."

இது முதல் நாள் சொல்வது. இரண்டாம் நாளும் சொல்வார். மூன்றாம் நாள் யாராவது ஒரு புதுப்பையன் வாய் திறப்பான். வாத்தியாருக்கு எங்கள் ஊரில் 'புரொபே'.

"புரொபே, கம்ப்யூட்டரை எப்பத் தொடுவோம்?"

"ஏண்டா, கல்யாணம் ஆகுறதுக்கு முன்னாடியே புள்ளைக்குப் பேரு வெச்சிருவியா நீ?"

"வெச்சாச்சு புரொபே. அவனுக்கு ரெண்டு வயசாச்சு."

வகுப்பு சிரிக்கும். தொன் செசிலியோ சிரிக்க மாட்டார். திரும்பி நின்று, பலகையில் அளவுகோலை வைத்து ஒரு சாய்சதுரம் போடுவார். நிரலின் போக்கைக் கம்ப்யூட்டர் இல்லாமல் காட்டுவதுதான் வரைவு: முடிவெடுக்கும் இடத்துக்குச் சாய்சதுரம், செய்யும் காரியத்துக்குச் செவ்வகம், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் முட்டை. சாய்சதுரத்தின் மூலை மழுங்கியிருந்தால் அரை மதிப்பெண் போச்சு. அம்புக்குறியின் தலை சிறுத்திருந்தால் இன்னொரு அரை. மொழியே வேண்டாம் என்று சத்தியம் செய்த மனிதர், சத்தம் போடாமல் சொந்தமாக ஒரு மொழியே வைத்திருந்தார். அதைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர் பூமியில் அவர் ஒருவர்தான்.

வரைவு சரியா என்று பார்ப்பதற்கும் அவரிடம் கம்ப்யூட்டர் வேண்டாத வழி ஒன்று உண்டு. மேசைச் சோதனை என்று பெயர். காகிதத்தில் கட்டம் போட்டு, பென்சிலைக் கூராக்கி, நீயே இயந்திரம் என்று பாவித்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகச் செய்து எந்தப் பெட்டியில் என்ன எண் இருக்கிறது என்று எழுதிக்கொண்டே வர வேண்டும். "இயந்திரத்துக்கு வெட்கம் கிடையாது, தயவு கிடையாது, சொந்தப் புத்தி கிடையாது. எழுதினதைச் செய்யும். நீயும் அப்படியே செய்," என்பார். பொறுமைசாலிகளுக்கு நல்ல வேலை.

வீட்டிலும் மனிதர் இதே சாதிதான். அவர் மனைவி சுனில்டா அம்மாளைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது, ஓடிப்போய் மரவள்ளிக்கிழங்கு வாங்கி வரச் சொல்கிறாள்.

"கடை தொறந்திருந்தா வாங்குறேன். தொறக்கலேன்னா?"

"பக்கத்துக் கடை."

"அங்கயும் இல்லேன்னா?"

"இல்லேன்னா பட்டினி கிடங்க வாத்தியாரே! வாயிலயே வடை சுட்டது போதும், எந்திரிங்க!"

அவர் எழுந்திருப்பார். வாசல்வரை போய்த் திரும்பி, இரண்டு கடையும் திறந்திருந்தால் எந்தக் கடை என்று கேட்பார். அதற்குள் சுனில்டாவே கிழங்கோடு வந்துவிடுவாள்.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் சொன்னதில் விஷயம் இல்லாமலில்லை. அவரிடம் மூக்கால் அழுது படித்தவர்கள் அசுன்சியோனுக்கும் புவெனோஸ் அயர்ஸுக்கும் போய், அங்கே எந்த மொழியைத் தூக்கி எதிரில் போட்டாலும் பத்தே நாளில் பழகிக்கொண்டு வேலை பார்த்தார்கள். "நாலு மொழிக்குக் கருமாதி பார்த்தவன் நான். என் சாய்சதுரம் இன்னும் உசிரோட இருக்கு," என்று அவர் பெருமையடித்துக்கொண்டால், அதில் பாதி நியாயம்தான்.

அவருடைய வரைவுகளிலேயே தலைமகன் ஒன்று உண்டு. தெரெரே வரைவு. எங்கள் ஊரில் வெயிலுக்குத் தெரெரேயை விட்டால் வேறு மருந்து ஏது? குவாம்பா என்கிற மாட்டுக்கொம்புக் குவளையில் கசப்பு இலையை நிரப்பி, ஐஸ் தண்ணீரை ஊற்றி, உலோகக் குழல் வழியே உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தர வேண்டும். வட்டத்துக்கு ஒரே குவாம்பா, ஒரே குழல், ஊற்றுவதற்கு ஒரே ஆள். ஊற்றுகிறவரும் தன் முறைக்குக் குடிப்பார். பேசாமல் திருப்பித் தந்தால் அடுத்த சுற்றிலும் உங்களுக்கு உண்டு. 'நன்றி' என்று சொல்லித் தந்தீர்களோ, போதும், உங்கள் கதை முடிந்தது. மரியாதைக்காக முதல் வாயிலேயே நன்றி சொன்ன ஒரு ஜெர்மன்காரர் எங்கள் வட்டத்தில் அன்று முழுக்க நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தார், பாவம். இந்த வழக்கத்தைத்தான் தொன் செசிலியோ ஐந்து வரியில் அடக்கியிருந்தார்.

வட்டத்தில் யாராவது ஒருவர் நன்றி சொல்லாமல் இருக்கும்வரை கீழே உள்ளதைத் திரும்பத் திரும்பச் செய்.
அடுத்து இருக்கும், நன்றி சொல்லாதவருக்கு ஊற்றிக் கொடு.
அவர் குடித்துத் திருப்பித் தரும்வரை காத்திரு.
தரும்போது நன்றி சொன்னால், அவரைக் கணக்கிலிருந்து கழி.
தண்ணீர் தீர்ந்தால் நிரப்பிக்கொள்.

அழகுதானே? வழக்கப்படி முதல் தண்ணீர் புனித தோமாவுக்குப் போகும். இலை உறிஞ்சிக்கொள்ளும், மனிதர் யாரும் குடிப்பதில்லை. புனிதர் நன்றி சொல்ல மாட்டாரே, அப்புறம் வட்டம் முடிவது எப்படி என்று ஒரு கோடைவிடுமுறை முழுக்க யோசித்து, தோமாவைக் கணக்கில் சேர்க்காமல் வெளியே வைத்தவர் எங்கள் தொன் செசிலியோ. அவ்வளவு நுட்பம். அந்த வரைவைப் பலகையில் எழுதி முடித்தால் இரண்டடி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்ப்பார். பேத்தியைப் பார்க்கிற பார்வை அது.

ஜூலைத் தேர்வில் கிறிசெல்டா என்ற பெண் இதில் கைவைத்தாள். பகலில் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள், வாய் கொஞ்சம் நீளம். விடைத்தாளின் கீழே, "இந்த வட்டம் முடியாது, புரொபே. ஊற்றுகிறவரைப் பாருங்கள்," என்று ஒரு வரி எழுதிவைத்தாள். தொன் செசிலியோ பார்த்தது அவளுடைய சாய்சதுரத்தைத்தான். மூலை மழுங்கியிருந்தது. கீழ்வரியைச் சிவப்பில் அடித்து, "கேட்டதற்கு மட்டும் பதில்" என்று எழுதி, ஐந்துக்கு இரண்டு போட்டார்.

அக்டோபரில் இடி விழுந்தது. கல்லூரித் தலைவி நிமியா ரொத்தேலா அவரைக் கூப்பிட்டாள். இருபது வருடத்துக்கு முன்னால் அவரிடமே அரை அரையாக மதிப்பெண் இழந்தவள்.

"புரொபே, உக்காருங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மார்ச்சுலேருந்து உங்க பாடத்தை எடுத்துட்டு, முதல் நாளே கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வைக்கிற பாடம் போடணும்ங்கிறாங்க பாடத்திட்டக் குழுவுல."

"எந்த மொழியில?"

"ஏதோ ஒண்ணு. அதுவா இப்ப முக்கியம்?"

இருபத்திரண்டு வருடமாக அவர் சொன்ன வசனம் அவருக்கே திரும்பி வந்தது.

"நான் உங்களுக்காகச் சண்டை போடுறேன்," என்றாள் நிமியா. "ஆனா கையில ஏதாவது குடுங்க. வர்ற சனிக்கிழமை பெத்தவங்க எல்லாம் வர்றாங்க. குழுவும் வருது. உங்க வரைவுல ஒண்ணே ஒண்ணு, ஆரம்பிச்சு, ஓடி, முடிஞ்சு காட்டணும். அவ்வளவுதான். இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அந்த மூன்றாம் வகுப்பறை போய்விட்டால் அவருக்கு வேறென்ன இருக்கிறது? வீட்டில் சாய்சதுரம் போட்டால் சுனில்டா துடைப்பத்தை எடுப்பாள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பயந்துதான் போனார்; அதை வெளியே சொல்லவும் வெட்கம். மூன்றாம் நாள் காலை தெளிவு பிறந்தது. கம்ப்யூட்டர் எதற்கு? மனிதர்களே இயந்திரம். தெரெரே வரைவைத் திறந்த முற்றத்தில், நிஜக் குவாம்பாவோடு, வரிக்கு வரி ஓட்டிக் காட்டிவிட வேண்டியதுதான். ஊரில் இதைவிடப் பழகிய காரியம் வேறு இல்லை. தப்ப வழியே கிடையாது.

சனிக்கிழமை. மாமர நிழலில் ஏழு நாற்காலி வட்டமாகப் போட்டாயிற்று. தலைவி நிமியா, பாதிரியார் அமான்சியோ, வாசலில் சிப்பா ரொட்டி விற்கிற, ஊரே 'ஞா' (அம்மா) என்று கூப்பிடுகிற பாசிலியா, மாணவர்களின் அப்பாக்கள் மூன்று பேர், ஏழாவதாகத் தொன் செசிலியோ. வட்டத்தில் இளையவர் ஊற்றுவதுதான் முறை. ஆனால் தன் தலைமகனை இன்னொருவர் கையில் கொடுப்பாரா? தானே ஊற்றுவேன் என்று தெர்மாஸைத் தூக்கிக்கொண்டார். கணவரின் சிறுநீரகத்துக்கு நல்லதென்று தண்ணீரில் குதிரைவால் பூண்டை இடித்துப்போட்டு அனுப்பியிருந்தாள் சுனில்டா. வரிகளை உரக்கப் படிக்க ஒரு கணீர்க் குரல் தேவைப்பட்டது. பேருந்து நிலையத்துக் குரலைவிடக் கணீர்க் குரல் எது? கிறிசெல்டா காகிதத்தோடு வந்து நின்றாள்.

"ஞாபகம் இருக்கட்டும்," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார் தொன் செசிலியோ. "நாங்க இப்ப இயந்திரம். எழுதினதை மட்டும் செய்வோம். யாரும் சொந்தப் புத்தியை நுழைக்கக் கூடாது. குறிப்பா நீ, கிறிசெல்டா."

"நுழைக்கல புரொபே."

வட்டம் ஓடியது. என்ன அழகாக ஓடியது! நிமியா இரண்டாம் சுற்றிலேயே நன்றி சொல்லிக் கணக்கிலிருந்து விலகினாள். அப்பாக்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். ஐந்தாம் சுற்றில் பாதிரியார், ஆறாம் சுற்றில், "நன்றிப்பா, வயிறு குளுந்துச்சு," என்று ஞா பாசிலியா. சுற்றி நின்ற பெற்றோர் கைதட்டினார்கள். குழுவிலிருந்து வந்தவர் ஏதோ குறித்துக்கொண்டார். அந்தச் சுற்றில் தன் முறையையும் குடித்து முடித்திருந்த தொன் செசிலியோ, தெர்மாஸைக் கீழே வைத்துவிட்டு, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்து, வணக்கம் சொல்ல எழுந்தார்.

"வட்டத்தில் யாராவது ஒருவர் நன்றி சொல்லாமல் இருக்கும்வரை," என்று படித்தாள் கிறிசெல்டா.

"யாரும் இல்லம்மா. முடிஞ்சிருச்சு."

"இருக்காங்க புரொபே."

"யாரு?"

"நீங்கதான்."

அவர் உட்கார்ந்தார். ஊற்றினார். தன் வலக்கையிலிருந்து தன் இடக்கைக்குக் கொடுத்தார். குடித்தார். தனக்கே திருப்பித் தந்தார். கிறிசெல்டா காத்திருந்தாள். கூட்டமும் காத்திருந்தது.

"நன்றி சொல்லலியே புரொபே?"

"யாருக்குடி சொல்றது?"

"அது வரைவுல எழுதல."

"என்கிட்ட சொல்லிரு செசிலியோ," என்றார் பாதிரியார் இரக்கத்தோடு.

"நீங்க ஊத்தலயே சாமி. ஊத்துனவங்ககிட்டத்தானே சொல்லணும்?" என்றார் ஒரு அப்பா.

"தனக்குத்தானே நன்றி சொல்லிக்கிட்டவனை நான் தேர்தல் மேடையிலதான் பாத்திருக்கேன்," என்றாள் ஞா பாசிலியா. முற்றமே வெடித்துச் சிரித்தது.

சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் உங்களுக்குத் தெரியாது. ஒருமுறை கால் தடுக்கி விழுந்தவனுக்குப் பேரன் காலம்வரை பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிற ஊர். நட்ட நடு முற்றத்தில் தன்னைப் பார்த்துத் தானே நன்றி சொன்ன மனிதன் என்ன ஆவான்? வரைவு முடியாவிட்டால் பாடம் போச்சு. முடிக்க வேண்டுமென்றால் மானம் போச்சு. ஊற்றினார், குடித்தார். எட்டு. ஒன்பது. இலை வெளுத்துச் சாரமற்றுப்போனது. பதின்மூன்றில் தெர்மாஸ் காலியானது. அப்பாடா என்று அவர் மூச்சு விடுவதற்குள், "தண்ணீர் தீர்ந்தால் நிரப்பிக்கொள்," என்று படித்தாள் கிறிசெல்டா. யாரோ ஓடிப்போய் நிரப்பிக்கொண்டு வந்தார்கள். குதிரைவால் பூண்டு தன் வேலையை ஆரம்பித்திருந்தது. பதினாறில் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். பதினெட்டில் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"நிறுத்திரலாமா புரொபே?" கிறிசெல்டாவின் குரல் இப்போது மெல்ல வந்தது. அவளுக்கே பாவமாக இருந்தது.

பத்தொன்பதாவதைக் குடித்துவிட்டு அவர் எழுந்து நின்றார். இருபத்திரண்டு வருடத்தில் எந்த மாணவனும் கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

"வரைவு தப்பு."

கிறிசெல்டா காகிதத்தைத் தாழ்த்தினாள்.

"ஊத்துறவனும் வட்டத்துல இருக்கான்கிறதை நான் யோசிக்கல. பேப்பர்ல ஆயிரம் தடவை சோதிச்சேன். ஒவ்வொரு தடவையும் நான் பென்சிலைத்தான் பிடிச்சிருந்தேன், குவாம்பாவைப் பிடிக்கல. இந்தப் பொண்ணு ஜூலையிலயே எழுதிக் குடுத்தா. நான் படிக்காம அடிச்சேன். கிறிசெல்டா, உனக்கு அஞ்சுக்கு அஞ்சு. எனக்கு... எனக்கு இப்பப் போயே ஆகணும்."

அறுபத்தொரு வயதுக்கு அப்படி ஒரு ஓட்டத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை.

கழிவறைக்குள் அவர் நெடுநேரம் இருந்தார். காரியம் முடிந்த பிறகும் இருந்தார். எந்த முகத்தோடு வெளியே வருவது? மார்ச் மாதம் கண்முன்னால் நின்றது. தொப்பியை எங்கே வைப்பது என்றுகூட நினைத்துக் கலங்கிப்போனார். அப்போதுதான் வெளியே சத்தம் கேட்டது. சிரிப்புச் சத்தமில்லை. சண்டைச் சத்தம்.

"ஊத்துறவனை முதல்லயே கழிச்சிருங்கங்கறேன்!" இது ஞா பாசிலியா.

"அப்ப அவன் குடிக்கவே கூடாதா? காஞ்சு சாகணுமா?" இது ஒரு அப்பா.

"ஒரே ஆள் மிச்சம் இருக்கும்போது நிறுத்திரலாம்," என்றார் பாதிரியார்.

"அந்த ஒரே ஆளு என் புருஷனா இருந்தா? வெயில்ல ரொட்டி வித்துட்டு வந்த மனுசன், இன்னும் ரெண்டு குடிப்பாரு. ஊத்துறவன் முன்னாடியே போதும்னு விலகிருந்தா அவருக்கு ஊத்துறது யாரு சாமி?" என்றாள் ஞா பாசிலியா.

இன்னொரு அப்பா குச்சியால் மண்ணில் கட்டம் கிழித்தார். குழுவிலிருந்து வந்தவர், குறிப்பேட்டை மூடிவிட்டு, குந்தி உட்கார்ந்து, "இருங்க, இருங்க, ரெண்டு கேள்வியா பிரிச்சுக் கேட்டா?" என்று குச்சியைப் பிடுங்கினார். முப்பது பேர். ஒருவருக்கும் கம்ப்யூட்டர் மொழி ஒன்றின் பெயர்கூடத் தெரியாது. அத்தனை பேரும் நிரல் வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள்.

நிமியா கழிவறைக் கதவைத் தட்டினாள்.

"புரொபே, வெளிய வாங்க. பாடம் உங்களுக்குத்தான்."

"வரைவு முடியலியேம்மா?"

"முடியலதான். ஆனா அங்க பாருங்க, குழுவே தரையில உக்காந்து உங்க வேலையைத்தான் பண்ணுது. இதை நான் எந்த மொழியில கத்துக்குடுக்க? ஒரு நிபந்தனை. இனிமே எந்த வரைவா இருந்தாலும், முதல்ல நீங்களே அந்த வரைவுக்குள்ள ஒரு ஆளா உக்காந்து ஓட்டிட்டுத்தான் பிள்ளைங்களுக்குக் குடுக்கணும்."

தொன் செசிலியோ கதவைத் திறந்தார். தலையாட்டிக்கொண்டே வெளியே வந்தார். நன்றாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, மண்ணில் கிழித்திருந்த வரைவைக் குனிந்து பார்த்தார். அப்புறம் குச்சியை வாங்கி, குழுவிலிருந்து வந்தவரின் சாய்சதுரத்துக்கு மூலையைக் கூராக்கினார்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் புது தெரெரே வரைவோடு வந்தார். நாற்பத்தோரு வரி. ஓட்டிப் பார்த்தீர்களா புரொபே என்று கிறிசெல்டா கேட்டதற்கு, பேப்பரில் பார்த்தேன் என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். ஞா பாசிலியாவும் பாதிரியாரும் அங்கே அடித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? "அட, இவ்வளவுதானே, அந்த வரியை இப்படி மாற்றினால் தீர்ந்தது" என்று மனசுக்குள் ஆறாவது வரி ஒன்றை எழுதி முடித்துவிட்டீர்கள்தானே? குவாம்பாவைக் கண்ணால் கண்டதில்லை, அந்தக் கசப்பு நாக்கில் பட்டதில்லை, வரைவு மட்டும் தயார். நல்லது, வாருங்கள். மாமரத்தடியில் உங்களுக்கொரு நாற்காலி போட்டுவைக்கிறோம், நீங்கள் எழுதியபடியே வரி பிசகாமல் ஊற்றுகிறோம். உட்காருவதற்கு முன்னால் கழிவறை எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.